பொய்யாகக்கூட முடியாத பேச்சு

"சீசர் ஒரு பகா எண்." எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இதை மெய் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. 1930களின் தொடக்கத்தில் வியன்னா வட்டம் என்ற குழுவின் தத்துவவாதிகள் காட்டிய உதாரணம் இது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டின் நியாயம் என்ற தர்க்க மரபினர் "நெருப்பால் நனைத்தான்" என்ற வாக்கியத்தை வைத்து இதே சிக்கலை எழுப்பிவிட்டார்கள். சொற்கள் ஒன்றையொன்று வேண்டி நிற்க வேண்டும், அடுத்தடுத்து வர வேண்டும், பொருந்தும் தகுதியும் வேண்டும் என்றார்கள். அவாய்நிலை, அண்மை, தகுதி என்று தமிழ் உரையாசிரியர்களும் இவற்றைப் பேசியிருக்கிறார்கள். நெருப்புக்கு நனைக்கும் தகுதி ஏது?

வியன்னாவில் இன்னும் கறாராகக் கேட்டார்கள். கணிதமும் தர்க்கமும் நீங்கலாக, எந்தக் கூற்றாக இருந்தாலும் அனுபவத்தால் சோதிக்க வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எதையும் சொல்லவில்லை. இன்றே சோதித்தாக வேண்டும் என்பதில்லை. நிலவின் மறுபக்கத்தில் மலை இருக்கிறது என்ற கூற்றை 1932இல் யாராலும் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது. என்றாலும் எதைப் பார்த்தால் தீர்ப்புச் சொல்லலாம் என்பது தெரியும். அதனால் அது பொருளுள்ளது என்றார் அந்த வட்டத்தின் தலைவர். 1959இல் சோவியத்தின் லூனா 3 விண்கலம் அந்த மறுபக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது.

எல்லா உலோகங்களும் சூட்டில் விரியும் என்ற விதியையே முழுமையாகச் சோதிக்க முடியாதே என்று கேட்டு, பின்னால் வந்தவர்கள் இந்த அளவுகோலை உடைத்தார்கள். இருக்கட்டும். "பொருளற்றது" என்ற தீர்ப்பைக் கைவிட்டாலும் எப்படிச் சோதிப்பது என்ற கேள்வியைக் கைவிட எனக்கு மனமில்லை. காரணம், நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட மருந்துப் பேச்சு.

"உடலின் ஆற்றலைச் சமன் செய்யும்." "நச்சுகளை வெளியேற்றும்." எந்த ஆற்றல், எந்த நச்சு, எவ்வளவு, எந்தப் பரிசோதனையில் தெரியும்? பதில் வராது. குடித்தவருக்குக் குணமானால் மருந்தின் மகிமை. ஆகாவிட்டால் பத்தியம் தவறியது, நம்பிக்கை போதவில்லை. என்ன நடந்தாலும் அந்த வாக்கியத்துக்கு ஒரு கீறலும் விழாது. அதைவிட "ஒரு மாதத்தில் சர்க்கரை அளவு குறையும்" என்று துணிந்து பொய் சொல்பவர் மேல். ரத்தப் பரிசோதனை அவரைப் பிடித்துக் கொடுத்துவிடும். முதல் வகைப் பேச்சை நம்பி இன்சுலினை நிறுத்துபவருக்கு, தான் ஏமாந்தது தெரிய வருவதற்குள் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுவாய், பயனிலை கற்றுத்தருகிறோம். அந்தப் பாடத்தோடு இதையும் சேர்க்க ஒரு வகுப்பு நேரம் போதும். ஒரு விளம்பர வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, "என்ன நடந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வார்கள்?" என்று கேட்டுப் பிள்ளைகளைத் தேடவிட வேண்டும்.