பறிமுதலின் செலவு: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

குற்றச்செயல்கள் வழியாக ஈட்டப்பட்ட சொத்தினை அரசு தனதாக்கிக் கொள்ளும் முறைமை, இலங்கையில் 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் பெரிதும் விரிவடைந்துள்ளது. குற்றத்தீர்ப்பின் பின்னர் மட்டுமன்றி, அத்தகைய தீர்ப்பு இன்றியும் சொத்தைப் பறிமுதல் செய்ய அச்சட்டம் வழிவகுக்கின்றது. இதன்பொருட்டுப் பொலிஸ் திணைக்களத்திலே தனிப் புலனாய்வுப் பிரிவொன்றுக்கும் ஏற்பாடு உண்டு. தனிப்பிரிவுக்குத் தனிப்பயிற்சி வேண்டும்; பயிற்சிக்குப் பொதுப்பணம் வேண்டும். அப்பணம் யாருடையது, அப்பயிற்சி யாரை நோக்கித் திரும்பும் என்பவற்றைப் பதுளைத் தோட்டங்களில் நின்று நோக்குவோம்.

ஊவாவுக்குப் பறிமுதல் புதியதன்று. ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின்போது, 1818 சனவரியில் ஆளுநர் பிறவுண்றிக் 19 பேரைத் துரோகிகளெனப் பிரகடனஞ் செய்து அவர்தம் சொத்துகளைப் பறித்தார். 2016 டிசெம்பரிலேதான் அப்பிரகடனம் நீக்கப்பட்டது. இதனினும் ஆழமாகப் பாய்ந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். உரித்தினை நிறுவவியலாத காடும் தரிசும் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. கோப்பித் தோட்டங்கள் அவ்வாறு பெற்ற நிலத்தில் எழுந்தன. பத்திரமற்றவன் உரிமையற்றவன் என்னும் அனுமானம் சட்டத்துள் நுழைந்த வரலாறு இதுவே. அந்நிலத்தில் உழைக்கக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் லயன் அறைக்கும் உறுதியின்றியே வாழ்கின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சொத்துப் புலனாய்வு, கள்வனைத் துரத்திப் பிடிக்கும் தொழிலன்று. வங்கிக் கணக்கு, காணிப் பதிவேடு, கம்பனிப் பதிவு, வாகனக் குத்தகை உடன்படிக்கை, உறவினர் பெயரில் எழுதிய நன்கொடை உறுதி ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி வாசிக்கும் வேலை. இதனைக் கற்பிப்பதற்குரிய செலவு விரிவுரையாளர் ஊதியத்தோடு முடிவதில்லை. பயிலுங்காலத்துச் சம்பளம், நிலையத்தில் ஏற்படும் ஆளில்லாக்குறை, பயின்றவர் இடமாற்றம் பெற்றதும் வேறொருவரை மீளப் பயிற்றுதல் யாவும் அதனுள் அடங்கும். கைப்பற்றிய வாகனம் பொலிஸ் முற்றத்தில் துருப்பிடிப்பதும் ஒரு செலவே!

இச்செலவில் தோட்டத் தொழிலாளிக்கும் பங்குண்டு. 2024 சனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் அவரது குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மறைமுக வரியின் வீதம் கம்பனிப் பணிப்பாளருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் ஒன்றே. சுமை ஒன்றன்று.

மொழி இன்னொரு சிக்கல். 1999இல் பண்டாரவளை, அப்புத்தளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. சொத்து எவ்வாறு வந்ததென விளக்குமாறு கோரும் கடிதம் உரியவருக்கு விளங்காத மொழியில் வருமாயின், அவரது மௌனமே அவருக்கெதிரான சான்றாகிவிடும். சீட்டுப்பணத்திலும் அடகு வைத்த நகையிலும் வாங்கிய முச்சக்கரவண்டிக்குப் பற்றுச்சீட்டுக் கோவை எங்கே கிடைக்கும்? பெருங்கொள்ளையனிடம் ஆவணம் குறைவதில்லை. அவற்றை ஆக்கித்தரக் கணக்காளரும் சட்டத்தரணியும் உளர். ஆதலின் தமிழ் அறிவும், முறைசாராப் பொருளாதாரம் பற்றிய அறிவும் இப்பயிற்சியின் அடிப்படைகளாதல் வேண்டும். இவற்றை மிகைச்செலவு என்போர், மலிவான பயிற்சி எளியவர்மீதே முதலிற் பிரயோகிக்கப்படும் என்பதை மறக்கின்றனர்.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம், பறித்த சொத்தில் உள்ளூர்ப் பொலிசாருக்கும் பங்களித்தது. பின்னர் பல நகரங்களின் பொலிஸ் வரவு செலவுத் திட்டமே பறிமுதலில் தங்கலாயிற்று. பயிற்சிச் செலவைப் பறிமுதலே ஈடுசெய்யும் என்ற வாதத்தை நாம் ஏற்க மறுப்பது இதனாலேயே.

சொத்தைத் தேடிப் பற்றும் அதிகாரம் பொலிசாருக்கு மட்டும் உரியதன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழிலாளியின் 8 சதவீதத்தையும் தொழில்தருநரின் 12 சதவீதத்தையும் உரிய காலத்தில் செலுத்தாத நிர்வாகத்தின் சொத்தினை நீதிமன்ற வழியாகக் கைப்பற்றி விற்க 38ஆம் பிரிவில் இடமளிக்கின்றது. சம்பளத்திற் கழித்த பணத்தைச் செலுத்தாது வைத்திருப்பதும் பிறர் சொத்தை வைத்திருப்பதே. கணக்கேடுகளை ஊடறுத்து வாசிக்கும் அதே திறன் இங்கும் வேண்டப்படுகின்றது. பொலிசாருக்கென நடத்தப்படும் வகுப்புகளில் பதுளைத் தொழில் திணைக்கள உத்தியோகத்தருக்கும் சில இருக்கைகள் ஒதுக்கப்படுமாயின், மேலதிகச் செலவு சிறிதே. மீட்கப்படும் பணமோ தொழிலாளரின் முதுமைக்குரியது.