மணப்பந்தலில் எந்த இசை? கொச்சி யூதப் பெண்களின் பாட்டேடுகளை முன்வைத்து

தென்காசியிலும் குற்றாலத்திலும் திருமணம் பேசி முடிக்கும் பெரியவர்கள், மஹர், மண்டபம், விருந்து ஆகியவற்றில் உடன்பாடு கண்டபின், சற்றுத் தயக்கத்தோடு எழுப்பும் வினா ஒன்றுண்டு: இசைக்கு என்ன ஏற்பாடு? ஒரு வீட்டார் தஃப் முழங்க மாப்பிள்ளையை அழைத்துவர விரும்புவர். இன்னொரு வீட்டார் நாகூர் இ. எம். ஹனிபா (1925-2015) அவர்களின் பாடல்கள் ஒலிபெருக்கியில் ஒலித்தால் போதும் என்பர். இளைஞர்களுக்கு பேண்டு வாத்தியம் வேண்டும். இவற்றில் எதுவுமே வேண்டா என்று ஆலிம் ஒருவர் அறிவுறுத்தக்கூடும். 1980களுக்குப் பின் தமிழகத்தில் பரவிய சீர்திருத்தப் பரப்புரை இந்த வினாவைக் கூர்மையாக்கியது. ஆனால் வினா புதியதன்று. நமக்கு மட்டும் உரியதுமன்று. வேதக்காரர்களான யூதர்கள் இதே வினாவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகத் தமக்குள் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளில் மிக அழகியதொன்று நம் மலைக்கு அப்பாலேயே, சேரநாட்டில் கிடைக்கின்றது.

முதலில் அவர்களுடைய சிக்கலை விளங்கிக்கொள்வோம். ஜெரூசலத்தின் பேராலயத்தில் லேவியர்கள் யாழும் தாளமும் இசைத்து வழிபாடு நடத்திய சமூகம் அது. தாவூது நபி (அலை) அவர்களோடு இசையைச் சேர்த்து நினைப்பது அவர்களின் மரபு. கி.பி. 70இல் உரோமர்கள் அந்த ஆலயத்தைத் தரைமட்டமாக்கினர். துயரத்தின் அடையாளமாக இசையைத் துறப்பதென அவர்களின் மார்க்க அறிஞர்கள் முடிவு செய்தனர். போர்க் காலத்தில் மணமகன் சூடும் மாலைமுடியும் மணமுரசும் விலக்கப்பட்டன என மிஷ்னா குறிக்கின்றது. ஆயினும் மணமக்களை மகிழ்விப்பது அவர்களிடம் மார்க்கக் கடமை. துக்கமும் கடமை, மகிழ்வித்தலும் கடமை என்னும்போது எது முந்தும்? யூதத் திருமண இசையின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸஃபத் நகரில் வாழ்ந்த யோசேஃப் காரோ தம் சட்டத்தொகுப்பில் இசைக்கருவிகளுக்கான தடையை எழுதினார். அதே நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோ நகரத்து மோசே இஸ்ஸர்லிஸ் அதற்கு எழுதிய குறிப்பில், திருமணம் போன்ற நற்கடமைக்கு இசை ஆகும் என்று விலக்களித்தார். இந்த விலக்கின் நிழலில்தான் கிழக்கு ஐரோப்பாவில் கிளெஸ்மர் எனப்படும் இசைஞர் கூட்டம் செழித்தது. இசைக்கருவி என்று பொருள்படும் எபிரேயச் சொல் நாளடைவில் அதை வாசிப்பவனுக்கே பெயராகிவிட்டது. சில நகரங்களில் ஒரு திருமணத்தில் எத்தனை பேர் வாசிக்கலாம் என்பதைக்கூட ஆட்சியாளர் வரையறுத்தனர். யமன் நாட்டு யூதர்களோ தடையைத் தடையாகவே கொண்டனர். நரம்புக் கருவியும் குழலும் தொடாமல், தகர டப்பாவையும் செம்புத் தட்டையும் தட்டிக்கொண்டே மணப்பாட்டுப் பாடினர். தட்டும் டப்பாவும் அடுக்களைப் பொருள்கள், இசைக்கருவிகள் அல்லவே! சட்டத்தின் வரிக்கும் மனத்தின் களிப்புக்கும் இடையில் வழி காணும் இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை. நம்மவரிடமும் இதற்கு இணைகள் இல்லாமல் இல்லை.

இங்கே இரு பேரறிஞர்களை அருகருகே நிறுத்திக் காண்பது பயனுடையது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இசை கேட்பது பற்றித் தனி நூற்பகுதியே வரைந்துள்ளார்கள். திருமணம், வலீமா, அகீகா, விருத்தசேதனம், குர்ஆன் மனனம் முடித்தல் போன்ற மகிழ்வுக் காலங்களில் பாடலை அனுமதிக்கும் அவர்கள், அந்த அனுமதியைக் கெடுக்கும் தடைகள் ஐந்தெனக் கணக்கிடுகின்றார்கள். பாடுபவரின் நிலை, கருவியின் வகை, பாட்டின் பொருள், கேட்பவரின் மனநிலை, கேட்பவர் பொதுமக்களில் ஒருவராய் இருத்தல் என்பன அவை. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்பின்னாகக் கெய்ரோவில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூனிடம் அரபுப் பாடல்களைக் கேட்கலாமா என்று யூதர்கள் எழுதிக் கேட்டனர். அவரும் ஐந்து தடைகளையே கணக்கிட்டு விடை தந்தார்: பயனற்ற சொற்களைக் கேட்டல், குரலெடுத்துப் பாடல், கருவி சேர்த்தல், மது அருந்தும் இடத்தில் கேட்டல், பாடுபவர் பெண்ணாக இருத்தல். அவரது மறுமொழி எபிரேய எழுத்தில் எழுதப்பெற்ற அரபு மொழியில் அமைந்தது. ஐந்துக்கு ஐந்து என்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இருவரும் இசை என்ற ஒரே சொல்லுக்கு ஒரே தீர்ப்பு வழங்கவில்லை என்பது தற்செயலன்று. யார் பாடுகிறார், எதைப் பாடுகிறார், எங்கே, எந்தக் கருவியோடு, எவர் கேட்க என்று பிரித்தே இருவரும் வினவினர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையிலும் இந்தப் பிரித்தறிதலைக் காண்கின்றோம். அன்சாரிகளில் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்ட பெண்ணை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கணவர் இல்லம் சேர்த்தபோது, களிப்பூட்டும் நிகழ்ச்சி ஏதும் உங்களிடம் இல்லையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதை புகாரி பதிவு செய்கின்றது. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமியர் தஃப் கொட்டி, பத்ரில் வீழ்ந்த தம் முன்னோரைப் பாடினர். ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கின்றார் என்ற பொருளில் ஓர் அடி பாடிவிட்டாள். அதை விட்டுவிட்டு, முன்பு பாடியதையே பாடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். தஃப் நிறுத்தப்படவில்லை, பாட்டும் நிறுத்தப்படவில்லை, ஓர் அடி மட்டுமே விலக்கப்பட்டது. மணவீட்டுக்கு இசை தேர்வது என்பதன் முழு இலக்கணமும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருப்பதாக நாம் கருதுகின்றோம்.

இனி மலைக்கு அப்பால் செல்வோம். தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியே கொல்லம் செல்லும் பாதை பழைய வணிகப் பாதை. செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது; 1904 முதல் இருப்புப்பாதையும் அந்தக் கணவாயைக் கடந்தது. அந்தக் கொல்லத்தில் கி.பி. 849இல் கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு வேணாட்டு அரசர் அளித்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், சாட்சிக் கையொப்பங்கள் மூன்று எழுத்துகளில் உள்ளன: கூஃபி அரபு, பஹ்லவி, எபிரேயம். முஸ்லிம் வணிகரும் யூத வணிகரும் ஒரே ஆவணத்தின் அடியில் கையெழுத்திட்ட காலம் அது.

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஏறத்தாழ கி.பி. 1000இல், சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மர் முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினார். பகல்விளக்கு, நடந்துசெல்ல விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் ஆகியவற்றோடு வடுகப்பறையும் காகளம் என்னும் ஊதுகொம்பும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகின்றன. தமிழ் கற்ற எவரும் அந்தச் சொற்களை அகராதியின்றியே விளங்கிக்கொள்ளலாம். இன்று பேண்டுக்காரருக்கு முன்பணம் கொடுப்பதுபோல் எளிதன்று அன்றைய ஏற்பாடு. எந்த வீட்டு ஊர்வலத்தில் எந்தக் கருவி முழங்கலாம் என்பது அரசன் அருளும் தகுதி. அதைப் பெறாதவர் முழக்கினால் கலகம். நம் தென்மாவட்டங்களிலும் குடையும் பல்லக்கும் மேளமும் பற்றிச் சாதிகளுக்குள் நடந்த வழக்குகளை அறிந்தவர்க்கு இது வியப்பாய் இராது.

பறையும் கொம்பும் தெருவுக்கு உரியவை. வீட்டுக்குள் நிகழ்ந்தது வேறு. கொச்சி, எறணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களின் யூதக் குடும்பங்களில் மணப்பாட்டு பெண்களின் உடைமையாக இருந்தது. மணநாளுக்கு முந்தைய இரவுகள் தொடங்கிப் பின் தொடரும் ஏழுநாள் விருந்துவரை, வேளைக்கொரு பாட்டு. கைகொட்டி வட்டமாய்ச் சுற்றிவந்து பாடுவதும் உண்டு. நம் கும்மி போன்றதே, மாப்பிளைப் பெண்களின் ஒப்பனையையும் ஒத்தது. மொழி மலையாளம், பழைய பாட்டுகளின் நடையோ தமிழுக்கு அணுக்கமானது. மணமகளைக் கிளியாக விளிக்கும் பாட்டுகள், யோசேப்பு ரப்பானைப் போற்றும் பாட்டு, தவ்றாத்தின் வரலாறுகளைக் கதையாகச் சொல்லும் பாட்டுகள், வாழ்த்துகள் என அவை பலவகை.

பெண்ணின் குரலே மறைக்கத்தக்கது என்று தல்மூதில் ஒரு கூற்று உண்டு. நம்மிடையே நடக்கும் விவாதத்தை அப்படியே நினைவூட்டும் கூற்று அது. அதைக்கொண்டு பல நாடுகளில் யூத ஆடவர் பெண்கள் பாடுவதைக் கேட்பதில்லை. கேரள யூதரோ அதை அவ்வாறு நடைமுறைப்படுத்தவில்லை. ஆடவர் அமர்ந்திருக்கும் அவையிலேயே பெண்கள் பாடினர். எபிரேயத் துதிப்பாடல்களையும் ஆடவரோடு சேர்ந்தே பாடினர். பாட்டின் பொருள் மார்க்க வரலாறும் வாழ்த்துமாக இருந்ததே இதற்குக் காரணம் என்று கொள்ள இடமுண்டு. சேந்தமங்கலத்தில் ஒரு நீதி, யமனில் வேறொரு நீதி என்பது அவர்களின் மார்க்கத்தைக் குலைத்துவிடவில்லை.

இந்தப் பாட்டுகள் பிழைத்ததற்குக் காரணம் பள்ளியோ அரசவையோ அன்று. பெண்கள் அவற்றைத் தம் கையால் மலையாள எழுத்தில் ஏடுகளில் எழுதி, மகளுக்கும் மருமகளுக்கும் வழங்கினர். 1954-55ஆம் ஆண்டுகளில் பெரும்பான்மையோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஏடுகளும் பெட்டிகளில் கடல் கடந்தன. புதிய நாட்டில் மலையாளப் பாட்டுக்கு என்ன மதிப்பு? பிள்ளைகள் எபிரேயமே பேசினர். ஐரோப்பிய, அரபு இசையே எங்கும் ஒலித்தது. பாட்டேடுகள் பரணில் கிடந்தன. கேரளத்தில் பி. எம். ஜுஸ்ஸே, பின்னர் ஸ்கரியா ஸக்கரியா, அமெரிக்காவின் பார்பரா ஜான்சன், இஸ்ரேலின் ஒஃபீரா கம்லியேல் ஆகியோர் அவற்றைத் தேடித் திரட்டினர். கொச்சியில் பிறந்த ரூபி டானியல் (1912-2000) முதுமையில் பல பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். 2004இல் ஜெரூசலத்தின் எபிரேயப் பல்கலைக்கழக இசை ஆய்வு மையம் ஓர் ஒலிவட்டு வெளியிட்டது. 2005இல் அதே நகரில் வெளிவந்த தொகுப்பு நூலுக்கு வைத்த பெயர் 'கார்குழலி'. ஜெரூசலத்தில் அச்சான நூலொன்றின் பெயரைத் தென்காசிப் பெண்பிள்ளை எவளும் பொருளோடு சொல்லிவிடுவாள் என்பது எண்ணிமகிழத்தக்கது.

அரபுலகில் இந்த உறவு வேறொரு வடிவம் கொண்டது. பக்தாதின் மகாம் இசையில் கருவி வாசிப்பவர்கள் பெரும்பாலும் யூதர்கள். பாடகர்களில் முஸ்லிம்கள் மிகுதி. 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில் இராக்கின் சார்பாகப் பாடியவர் முஹம்மது அல்கப்பான்ஜி. அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தோர் ஏறத்தாழ அனைவரும் யூதர். அன்றைய பக்தாதில் மணவீட்டார் நாடியது நல்ல வாசிப்பை. வாசிப்பவரின் மதத்தை அன்று. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து மறைந்த ஷேக் சின்ன மௌலானாவின் (1924-1999) நாதஸ்வரத்தைத் தமிழகம் கேட்டதும் அப்படித்தான்.

இசையில்லாத நாள்களும் அவர்களிடம் உண்டு. ஆலய அழிவை நினைந்து வருந்தும் மூன்று வாரங்களில் அவர்களில் பலர் திருமணமும் நடத்துவதில்லை, இசையும் கேட்பதில்லை. அந்த வாரங்கள் பெரும்பாலும் சூலை, ஆகஸ்டில், குற்றாலத்தில் சாரல் பொழியும் பருவத்தில் விழுகின்றன. நம் இந்து அண்டைவீட்டாரும் ஆடியில் திருமணம் வைப்பதில்லை. குற்றாலத்து மண்டபக்காரர்களுக்கு அருவிக் கூட்டம் கைகொடுக்கின்றது.

நம் பகுதிப் பெண்டிரின் நிலையை எண்ணாமல் இதை முடிக்க இயலவில்லை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூர் சென்றனர். 1941இல் அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைக்கும் அளவுக்கு வேரூன்றினர். மருதாணி இரவிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் பெண்கள் பாடிய வாழ்த்துகளும் நையாண்டிகளும் அவர்களோடு சென்றிருக்கும். சீறாப்புராணத்தில் கதீஜா (ரலி) அவர்களின் மணக்காட்சியை விரிவாய்ப் பாடிய உமறுப்புலவரை நாம் பதிப்பித்துப் போற்றுகின்றோம், அது தகும். ஆனால் வீட்டுக்கூடத்தில் பாடிய பாட்டிமாரின் பாட்டை இசை என்ற ஒரே சொல்லுக்குள் தள்ளி, ஒலிபெருக்கியில் அலறும் திரைப்பாடலோடு சேர்த்துத் தூற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. திரைப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். விலக்கினாலும் நாளை மீண்டும் வரும். பாட்டியின் பாட்டுக்கு அந்த வாய்ப்பில்லை.

கொச்சி யூதப் பெண்களின் ஏடுகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் குறித்துள்ளனர். தொகுக்கும் பணி தொடங்கியபோது, எழுதிவைத்த பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டு எவருக்கும் நினைவில்லை. சொற்கள் உள்ளன, எந்தச் சடங்கில் பாடியவை என்பதுகூடச் சிலவற்றுக்குத் தெரிகின்றது. பாடிக்காட்ட ஆளில்லை.