மூன்று நாளும் மதுரைக்கே
(ஊர் பார்க்கலாம் – 11)

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்துவிட்டால் கே.கே. நகரில் விருந்தாளி இல்லாத வீடு குறைவு. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் விடிகாலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள். அதற்கு முன்பே போன் வந்திருக்கும்.

“மாமா, சனிக்கிழமை காலைல மீனாட்சி கோயில், மத்தியானம் மகால், சாயங்காலம் ஜிகர்தண்டா. ஞாயித்துக்கிழமை ராமேஸ்வரம், திங்கக்கிழமை கொடைக்கானல். சரியா வருமா?”

“வராது மாப்ள. மூணு நாளையும் மதுரைக்கே குடு.”

ராமேஸ்வரம் தென்கிழக்கே சுமார் 170 கிலோமீட்டர். கொடைக்கானல் வடமேற்கே 120 கிலோமீட்டர், அதிலும் பாதி மலைப்பாதை. இரண்டையும் சேர்த்தால் விடுமுறையில் பெரும்பகுதி காருக்குள்ளேயே கழியும். மதுரையோ வழியில் இறங்கிக் காப்பி குடிக்கிற ஊராகிவிடும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மனிதர் விடாமல் வாழ்ந்துவரும் ஒரு வட்டாரத்துக்கு ஒரு பகல் எப்படிப் போதும்? அதனால் இந்த வாரம் மூன்று நாளையும் இந்த ஊருக்குள்ளும் இதைச் சுற்றியுமே செலவிடும் திட்டம் ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் பயணச்சீட்டு. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜையை ஒட்டிய விடுமுறைகளுக்குத் தொடங்கிய அன்று காலையிலேயே போட்டுவிட வேண்டும். தங்க இரண்டு பக்கம் உண்டு. ரயில் நிலையத்தையும் மேல மாசி வீதியையும் ஒட்டித் தங்கினால் கோயிலுக்கு நடந்தே போகலாம். வைகைக்கு வடக்கே அண்ணாநகர், கே.கே. நகர் பக்கம் தங்கினால் மேலூர் சாலை கைக்கெட்டும் தூரம். மலைகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வடகரைதான் வசதி.

அடுத்தது, திட்டம் போடும் எல்லோரும் மறக்கிற ஒன்று. மீனாட்சி அம்மன் கோயில் பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையின் அன்றாடமே இந்த நேரத்தை ஒட்டித்தான் நடக்கிறது. காலையும் இரவும் இந்த ஊருக்கு உரியவை. நண்பகல் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது. பத்து மணிக்கு ஓட்டலைவிட்டுக் கிளம்பிப் பதினொன்றரைக்கு வரிசையில் போய் நிற்கிறவர்கள், நடை சாத்தும் நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுடுகல்லில் ஓடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதல் நாளை, நடை திறக்கும் அதிகாலையிலேயே கோயிலில் தொடங்குங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதை அறையிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்; கை சும்மா இருந்தால் கண் நன்றாகப் பார்க்கும். இங்கே முதல் வணக்கம் அம்மனுக்கு, பிறகுதான் சுந்தரேசுவரர். தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடிவிடாமல் கம்பத்தடி மண்டபத்தில் நில்லுங்கள். மீனாட்சி கல்யாணம் அங்கே ஒரு தூணில் இருக்கிறது. தாரை வார்த்துக் கொடுக்கும் அண்ணனின் முகத்தையும் நாணித் தலை குனிந்த தங்கையின் முகத்தையும் அவசரமில்லாமல் பாருங்கள். வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் தூக்கியது இடது கால். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985.

இந்தக் கோயிலில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது ஒரு தேதி. 1939 ஜூலை 8. அன்றுதான் அ. வைத்தியநாத ஐயர், அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களில் சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர்களில் ஒருவர் கக்கன். மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்து பின்னாளில் இந்த மாநிலத்தின் அமைச்சரானவர். இன்று யார் வேண்டுமானாலும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். அந்த உரிமைக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தப் படியிலேயே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிவாக்கில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது கால்பங்குதான் என்கிறார்கள். சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பலவற்றைப் பெயர்த்துப் போனார். மிச்சத்தைக் காப்பாற்றிச் செப்பனிட்டது, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால் மகாலைவிட்டு வெளியே வந்து பத்துத்தூண் சந்துக்கு நடந்து போங்கள். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துப் பெருந்தூண்கள் தாங்க ஒரு கூரையும் இல்லாமல் நிற்கின்றன. அந்தத் தூண்களும் இதே அரண்மனையைச் சேர்ந்தவைதான்.

மாலையில் வீதிகளில் நடக்க வேண்டும். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலிலிருந்து ஒவ்வொரு சதுரமாக வெளியே வந்தால் ஊர் வளர்ந்த விதம் காலுக்கே புரிந்துவிடும். வெளி வீதிகள் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியுமாக இருந்த இடம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரிய விட்டார். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் இரண்டு வீதிகளின் பெயரில் இருக்கிறார்கள். விளக்குத்தூணே பிளாக்பர்னின் நினைவாக நட்டதுதான். அதன் பக்கத்தில் நின்று ஜிகர்தண்டா குடிக்கிற யாரும் அவரை நினைப்பதில்லை. இனி நீங்கள் நினைக்கலாம். பாலும் கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்தக் குவளைக்குப் பிறகு இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பள்ளியறை பூஜைக்கு மறுபடி கோயிலுக்குப் போக வேண்டும். சுந்தரேசுவரரின் திருப்பாதம் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு வருகிற அந்த இரவு நேரத்தில், பகலில் முண்டியடித்த கூட்டம் அமைதியாக ஒதுங்கி நின்று வழிவிடும். வெளியே வந்தால் இட்லியும் புரோட்டாவும் கறி தோசையும் சுடச்சுடக் கிடைக்கும். தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

இரண்டாம் நாள் மலைகளுக்கு. வெயில் ஏறுவதற்குள், ஆறு மணிக்கே கிளம்புங்கள். கே.கே. நகரிலிருந்து மேலூர் சாலையில் ஏறி, உயர் நீதிமன்றக் கிளையைத் தாண்டினால் ஒத்தக்கடை. அங்கே சாலைக்கு மேலே படுத்திருக்கிறது யானைமலை. தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானையேதான். பெயர் வைத்தவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மலையடியில் நரசிங்கத்தில் உள்ள குடைவரையைச் செய்தவர் மாறன் காரி, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். கோயிலைக் குடைந்தவர் குடமுழுக்கைப் பார்க்காமல் இறந்துபோனார். அவர் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி வேலையை முடித்தார். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அங்கேயே கல்லில் வடமொழியிலும் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்டு 770. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் ஓர் அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த செய்தி எங்கள் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு விடுமுறை நாளில்கூடக் கூட்டம் வருவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். மலையின் வேறொரு பக்கம் சமணர் படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. இந்த மலையைச் சிற்பக் கண்காட்சியாகச் செதுக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தபோது ஊர் மக்கள் ஒன்றுகூடித் தடுத்தார்கள்.

அங்கிருந்து அரிட்டாபட்டிக்குச் சொந்த வண்டியோ வாடகைக் காரோ வேண்டும். சிவனுக்குக் குடைந்த பாண்டியர் காலக் குடைவரையும், அதில் இலகுலீசர் சிற்பமும், மலைக் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டும் அங்கே உண்டு. பக்கத்து மீனாட்சிபுரம் மலையில் உள்ளவைதான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுகள். 1882-இல் ராபர்ட் சுவெல் அவற்றைக் கண்டார். அதிலுள்ள மொழி தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். அதில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை 1965-இல் ஐராவதம் மகாதேவன் படித்தார். பாட்டில் மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயர் கல்லிலும் இருக்கிறது என்று உறுதியான இடம் அது. 2022-இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்து இதே பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டு மதுரைக்கே நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நீங்கள் போய்ப் பார்க்கும் அந்தப் பாறை, அந்த மக்கள் காப்பாற்றிக் கொடுத்தது.

அழகர்கோயில் பக்கம்தானே, அதையும் முடித்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது தனியே ஒரு நாள் கேட்கிற மலை. அடுத்த வாரம் அங்கே போவோம்.

ஊர் திரும்பி மதியம் ஓய்வெடுத்தபின் தமுக்கத்துக்கு வாருங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது காந்தி அருங்காட்சியகம். 1959-இல் நேரு திறந்து வைத்தது. 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த, இரத்தம் படிந்த துணி இங்கே இருக்கிறது. அதைப் பார்த்த கையோடு மேல மாசி வீதிக்குப் போங்கள். 1921 செப்டம்பர் 22 காலையில் அவர் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறிய வீடு அங்கே, இப்போது கதர்க்கடையாக இருக்கிறது. அவர் அந்த உடையை ஏற்றதும் இந்த ஊரில். கடைசியாக உடுத்திய துணி வந்து சேர்ந்ததும் இந்த ஊரில். ஒரே மாலையில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அன்று இரவு அதிகம் பேசாமல் சாப்பிட்டதைக் கவனித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடியலில் மாட்டுத்தாவணி பூச்சந்தை. மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், விலை மணிக்கு மணி மாறும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து கட்டிவிடுவார்கள். ஆண்களும் கற்றுக்கொண்டால் நல்லது.

பிறகு கீழடி. விரகனூர், சிலைமான் வழியாகப் போனால் அரைமணி நேரம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுபோலக் கட்டப்பட்டது. உறைகிணறு, தாயக்கட்டை, நூல் நூற்கும் தக்களி, பானை ஓட்டில் கீறிய ஆதன், குவிரன் என்ற பெயர்கள். அரசர் பெயர் அல்ல, வீட்டில் புழங்கிய சாமான்மேல் வீட்டார் கீறிய பெயர். கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் பொதுயுகத்துக்கு முன் 580 என்று கணித்தார்கள். ஊரிலேயே மூத்த இந்த இடத்தைக் கடைசி நாளுக்கு வைக்கச் சொல்வது தெரிந்தேதான். கோயிலையும் குடைவரையையும் பார்த்துவிட்டு வந்தால்தான், அவற்றுக்கெல்லாம் முன்பே இங்கே மக்கள் நெய்தும் விளையாடியும் எழுதியும் வாழ்ந்தது உறைக்கும். கிளம்புமுன் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது, வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வருகிறது. பல ஆண்டு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பொட்டலாகக் கிடந்த குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கரையில் மாலை முழுவதும் உட்காருங்கள், ரயில் இரவில்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். மலைகளில் கல்வெட்டுக்கும் சமணர் படுக்கைக்கும் பக்கத்திலேயே பலர் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள், சிலர் பெயிண்டிலும் எழுதியிருக்கிறார்கள். கீறிய கல் பழையபடி ஆகாது. உங்களோடு வரும் பிள்ளைகளிடம் இதை மலை ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். யாராவது கீறுவதைப் பார்த்தால் தயங்காமல் தடுங்கள்.