அரண் யாருக்கு?

ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனி இடம் அமைத்தால் பிரிவினைதானே வளரும் என்று பலர் கேட்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தாமே குழந்தைப் பருவத்தில் கணவனை இழந்தவர். இளம் விதவைகளுக்காக அவர் தொடங்கிய விடுதி பின்னர் அங்கே இயங்கியது. வீட்டு மூலையில் முடக்கப்பட்ட சிறுமிகள், அபசகுனம் என்ற ஏச்சு இல்லாமல் அங்கே படித்தார்கள். பலர் ஆசிரியைகள் ஆனார்கள். அவர்களைப் பிரித்து வைத்தது ஊர்; விடுதியோ படிப்பும் வேலையும் கொடுத்து அவர்களை மீண்டும் ஊருக்குள் அனுப்பியது.

ஆனால் அந்த அரண் பிராமண விதவைகளுக்கானது. உள்ளேயும் சாதி ஆசாரம் தொடர்ந்தது. ஆசாரம் தளர்ந்திருந்தால் பெற்றோர் பெண்களை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆசாரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வெளியே நின்றவர்கள். தேவதாசிக் குடும்பச் சிறுமிகளை விடுதிகள் ஏற்க மறுத்ததால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். ஆகவே பாதுகாப்பான இடங்கள் தேவை. ஆனால் உள்ளே இருப்போரின் நிம்மதி மட்டுமே அவற்றுக்கு அளவுகோல் ஆகாது. வாசலில் யார் தடுக்கப்படுகிறார்கள், வெளியே ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.