கரும்பு ஆராய்ச்சியும் ஆலையின் லாபமும்

நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் சர்க்கரை ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிழிதிறன் 9 சதவிகிதமாக இருந்தால் 225 டன் சர்க்கரை கிடைக்கும். அதுவே 9.5 ஆனால் கூடுதலாக 12.5 டன். 150 நாள் அரவையில் இது 1,875 டன்னாகிறது. வெட்டுக் கூலி, வண்டி வாடகை, அரவைச் செலவு எல்லாம் ஏறக்குறைய பழையபடிதான். இந்த அரை சதவிகிதம் பெரும்பாலும் வயலில், இரகத்தின் மூலம் வருவது.

கோவையில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்ததற்குக் காரணம், இங்கு கரும்பு நன்கு பூத்து விதை பிடிப்பதே. ஆலைக் கரும்பையும் நாணல் இனக் காட்டுக் கரும்பையும் ஒட்டிப் பெறப்பட்ட கோ 205 இரகம் 1918-இல் வெளிவந்து வட இந்தியாவுக்குச் சென்றது.

ஆராய்ச்சிப் பணம் உடனே திரும்பாது. பிற்கால இரக எண்களின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். கோ 86032-க்கு 1986-இல் எண் தரப்பட்டது, வெளியீடு 2000-இல். பதினான்கு ஆண்டுகள்! ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்கும் நிர்வாகிக்கு இது வீண் செலவாகவே தோன்றும். ஆனால் தமிழகக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது அந்த இரகமே.

நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009-இல் வெளிவந்த கோ 0238, உத்தரப்பிரதேசத்தில் பரவியபோது, 9 சதவிகிதத்தை ஒட்டியிருந்த பிழிதிறன் சில ஆண்டுகளில் 11-ஐ எட்டியது. ஆலைகள் தழைத்தன. பிறகு அந்த ஒரே இரகத்தைச் செவ்வழுகல் நோய் தாக்கியது. மாற்று இரகங்களைத் தேடி அலைய நேர்ந்தது. ஒரே இரகத்தை நம்பியிருக்கும் நம் பகுதிக்கும் இது பொருந்தும்.

புதிய இரகத்தை உருவாக்குவது பெரும்பாலும் அரசுப் பணம். ஆலை செய்யவேண்டியது நாற்றங்காலும் சோதனைத் திடலும். கரணைகளை நீராவியில் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் நேர்த்தி செய்து, மூன்று கட்டமாகப் பெருக்கினால்தான் வயலுக்குப் போதிய விதைக்கரணை கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். நட்டம் வந்த ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான். அதன் விளைவு இரண்டு மூன்று பருவம் கழித்து அரவையில் தெரியும். அப்போது பழி மழையின் மேல் விழும்.

சத்தி, கோபி, பவானி வட்டார விவசாயிகள் நடவுக்கு முன் ஆலையின் கரும்பு அலுவலரிடம், கரணை எந்த நாற்றங்காலிலிருந்து வருகிறது, நேர்த்தி செய்ததா, வயது என்ன என்று கேட்டறிய வேண்டும். ஆறு முதல் எட்டு மாத வயதுக் கரும்பே விதைக்கு ஏற்றது.