பாட்டு வகுப்பின் கதவு திறந்தே இருக்கட்டும்!

மாலை ஐந்தரை மணி. பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துகிறார் அம்மா. நோட்டும் தண்ணீர் பாட்டிலுமாக மகள் உள்ளே ஓடுகிறாள். சுருதிப் பெட்டியின் சத்தம் கேட்டதும், அம்மா காய்கறி வாங்கக் கிளம்பிவிடுகிறார். அடுத்த ஒரு மணி நேரம் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் குருவைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம்!

பிள்ளைகளைத் தங்கள் சொந்தப் பிள்ளைகளாகவே பார்க்கிற ஆசிரியர்கள் ஏராளம். ஆனாலும், கலை கற்கும் இடங்களிலும் அத்துமீறல் நடக்கலாம் என்பதைச் சென்னை கேட்டுவிட்டது. 2018 அக்டோபரில் 'மீ டூ' குற்றச்சாட்டுகள் கர்னாடக இசை உலகில் எழுந்தபோது, அந்த ஆண்டு டிசம்பர் சீசன் பட்டியலிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது மியூசிக் அகாடமி. 2023-ல் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் பாலியல் தொல்லைப் புகார்களோடு மாணவிகள் போராட்டத்தில் இறங்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அங்கே கூடி நின்று குரல் கொடுக்கக் கல்லூரி மாணவிகளால் முடிந்தது. தனியாகப் பாட்டு கற்கப் போகும் பத்து வயதுக் குழந்தை என்ன செய்யும்?

குழந்தை ஏன் சொல்வதில்லை?

பள்ளி வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள். பாட்டு வகுப்பில் பல நேரம் டீச்சரும் குழந்தையும் மட்டுமே. போட்டிக்கு அனுப்புவதும் மேடை ஏற்றுவதும் அவர் கையில். 'சொன்னால் அரங்கேற்றம் நின்றுவிடும், அம்மா இவ்வளவு ஃபீஸ் கட்டியிருக்கிறாரே' என்று குழந்தைக்கும் கணக்கு தெரியும். போதாததற்கு, "குரு சொன்னா மறுபேச்சு பேசக்கூடாது" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்போம்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள்: "பாட்டு விஷயத்துல டீச்சர் சொல்றதைக் கேளு. ஆனா, உன் உடம்பைத் தொடுறது பிடிக்கலைன்னா, யாரா இருந்தாலும் எழுந்து வந்துடு. அப்போ வர முடியலைன்னாலும் பரவாயில்லை, எப்ப வேணும்னாலும் எங்கிட்ட சொல்லு. உன்னைத் திட்டவே மாட்டேன்." மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

சேர்க்கும்போதே பேசிவிடுங்கள்

* வகுப்பு நடக்கும் அறைக்கதவு திறந்திருக்குமா, பெற்றோர் வந்து உட்காரலாமா என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார். திறந்த கதவு அவருக்கும் பாதுகாப்புதான்.

* முடிந்தவரை இரண்டு, மூன்று பிள்ளைகள் சேர்ந்து கற்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்களும் சில நாள் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள்.

* வயலினில் வில் பிடிப்பதற்கும், மிருதங்கத்தில் விரல் வைப்பதற்கும் கையைத் தொட்டுத் திருத்த வேண்டி வரலாம். 'கையைப் பிடிச்சுக் காட்டட்டுமா?' என்று கேட்டுவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் செய்வதே முறை. மூச்சுப் பயிற்சிக்காக வயிற்றிலோ மார்பிலோ ஆசிரியர் கை வைக்க வேண்டியதில்லை. குழந்தை தன் கையையே வயிற்றில் வைத்து மூச்சைக் கவனிக்கலாம்.

* ஆன்லைன் வகுப்பு என்றால் ஹாலில் உட்கார்ந்து, பெற்றோரின் கணக்கிலிருந்து நடக்கட்டும். பாடி அனுப்பும் வாய்ஸ் மெசேஜும் பெற்றோர் போன் வழியாகவே போகட்டும். குழந்தைக்கு ஆசிரியர் தனியாக மெசேஜ் அனுப்பும் பழக்கம் வேண்டாம்.

* வெளியூர்க் கச்சேரி, போட்டி என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும். 'நான் பார்த்துக்கறேன், நீங்க வர வேண்டாம்' என்று யாராவது வற்புறுத்தினால், பயணத்தையே தவிர்த்துவிடுங்கள்.

* இசைப்பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால், ஆசிரியரைப் பற்றிப் புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

முணுமுணுப்பு நின்றால் கவனியுங்கள்

எந்நேரமும் எதையாவது பாடிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென மௌனமாகலாம். வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி வரலாம். 'இதை வீட்ல சொல்லாதே' என்ற நிபந்தனையோடு டீச்சரிடமிருந்து பரிசு வரலாம். இதெல்லாம் சோம்பேறித்தனமாகவோ, வகுப்பு கடினமாக இருப்பதாகவோகூட இருக்கலாம். ஆனாலும், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

குழந்தை சொல்லிவிட்டால், முதல் வார்த்தை "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்லை" என்பதாக இருக்கட்டும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். நேரே ஆசிரியரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். மெசேஜ்கள் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ, காவல் நிலையத்தையோ அணுகுங்கள்.

2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீஸுக்குத் தகவல் தர வேண்டியது கட்டாயம். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே, 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்பதற்கு இங்கே இடமில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ, குழந்தை விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்யலாம். பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக்கூடாது.

பாட்டை நிறுத்தாதீர்கள்

பிரச்னை வந்ததும் 'இனிமே பாட்டே வேண்டாம்' என்று முடிவெடுக்கும் வீடுகள் உண்டு. தவறு செய்தவர் ஒருவர் இருக்க, தண்டனை குழந்தைக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நாள் இடைவெளி விடலாம். குழந்தை விரும்பும்போது வேறு ஆசிரியரிடம் சேர்க்கலாம். முதல் சில வகுப்புகளில் கூடவே உட்கார்ந்திருங்கள்.

காய்கறி கொஞ்சம் தாமதமாக வாங்கினாலும் பரவாயில்லை. திறந்த கதவின் வழியே தெருவரைக்கும் சரளி வரிசை கேட்கட்டும்!