விந்தணுவும் குளிரும்

கறவை மாட்டின் சினைப்பருவம் ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிக்கும். அப்போது போடும் சினை ஊசி பலிக்காவிடில், உழவர் அடுத்த பருவத்திற்கு ஏறத்தாழ 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். கன்றும் பாலும் தள்ளிப்போகும். பழி பெரும்பாலும் பசுவின் மீதே விழுகிறது. விந்தைச் சேமித்த முறையிலும் பிழை இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

உடல் வெப்பநிலையில் விந்தணு விரைந்து நீந்தும். தன்னைச் சூழ்ந்துள்ள சர்க்கரையைச் செலவிடும். அதனால் உண்டாகும் லாக்டிக் அமிலம் அதனையே நலிவிக்கும். வெப்பத்தைக் குறைத்தால் இச்செலவு தணிந்து ஆயுள் நீளும். ஆயினும், சட்டெனக் குளிர்வித்தால் அதன் மேலுறையிலுள்ள கொழுப்பு சீராக இறுகாமல் உறை பழுதுபட்டு, உட்பொருள்கள் கசிந்துவிடும். மீண்டும் வெதுவெதுப்பாக்கினாலும் அத்தகைய விந்தணு முன்னோக்கி நீந்துவதில்லை. இதுவே குளிர் அதிர்ச்சி எனப்படும்.

இதற்குத் தீர்வு சமையலறையிலேயே இருந்தது. 1939-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பிலிப்ஸ், முட்டையின் மஞ்சள் கரு காளை விந்தைக் காப்பதைக் கண்டறிந்தார். மஞ்சள் கருவிலுள்ள கொழுப்புப்புரதங்கள் விந்தணுவின் மேலுறைக்கு அரணாகின்றன. பின்னர் இக்கரைசலில் சிட்ரேட் உப்பும் சேர்க்கப்பட்டது. அது கொழுப்புத் துளிகளைக் கலைத்ததால், நுண்ணோக்கியில் விந்தணுக்கள் தெளிவாகத் தெரிந்தன. இவ்வாறு கலந்த விந்தைப் படிப்படியாக 5 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, இரண்டு மூன்று நாள்கள் பயன்படுத்தலாம்.

ஆனால், காளைக்குப் பொருந்துவது பன்றிக்குப் பொருந்தாது. பன்றியின் விந்தணு குளிரை மிகுதியும் அஞ்சுவது. ஆகவே, அதன் விந்தை 17 பாகை அளவிலேயே வைப்பர். அவ்வெப்பநிலையில் நுண்ணுயிரிகளும் பெருகுமாதலால் கரைசலில் எதிருயிரி மருந்து சேர்ப்பர்.

சேமித்த விந்தின் தரத்தை 37 பாகை வெப்பத்தில் நுண்ணோக்கியின்கீழ் ஆராய்வர். கண்ணாடித் தகடும் அதே வெதுவெதுப்பில் இருத்தல் வேண்டும். குளிர்ந்த தகடு நல்ல விந்தையும் சோர்ந்ததாகக் காட்டிவிடும். இயக்கத்தை மட்டும் நம்புதல் போதாது. இயோசின் சாயமிட்டால் உறை பழுதுபட்ட விந்தணுக்கள் சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும். உறை பழுதுபடாதவை நிறமேறாமல் நிற்கும்.

கிளிசராலின் துணையுடன் விந்தணுவை உறையவைக்கலாம் என்பது 1949-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. இன்று மாட்டின் உறைவிந்து, திரவ நைட்ரசனில் -196 பாகையில் ஆண்டுக்கணக்கில் காக்கப்படுகிறது. எனினும், உறைதலில் விந்தணுக்கள் பல மடிவதால் ஒரு குச்சியில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் நிரப்ப நேர்கிறது. புல் வளரும் பருவத்தை ஒட்டிக் கன்று ஈனச் செய்யும் நியூசிலாந்தில், சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கான பசுக்களுக்குச் சினை ஊசி போட்டாக வேண்டும். அங்கே உறையவைக்காத விந்தே பெரிதும் கைகொடுக்கிறது. அதில் ஓர் ஊசிக்கு இருபது இலட்சம் விந்தணுக்களே போதும். சிறந்த காளை ஒன்றன் விந்து பன்மடங்கு பசுக்களுக்குப் பயன்படும். ஆனால், சில நாள்களுக்குள் அது தொழுவத்தை அடைந்தாக வேண்டும்.